வேகவைத்த மணல்

அந்தத் தொட்டி கூடத்தில் இருக்கும்வரை நான் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று சொன்னேன். சொன்னபடி இன்றுவரை சமையலறையில் முக்காலி போட்டுத்தான் சாப்பிடுகிறேன். கடல் தண்ணீர்த் தொட்டி என்றால் நீலமாக, பார்க்க அழகாக இருக்கும் என்று நினைப்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் இருக்கும் கசடையெல்லாம் நுரையாக்கி ஒரு குவளைக்குள் தள்ளும் இயந்திரம் ஒன்று அங்கே தொங்குகிறது. தினமும் காலையில் அதில் அரைக் குவளை பழுப்பாகச் சேர்ந்திருக்கும். சளியா சாக்கடையா என்று கேட்டால், இரண்டும்தான். என் மருமகள் அதைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இன்னைக்கு நல்லா இழுத்திருக்கு அத்தை" என்பாள், ஏதோ பால் காய்ந்து கெட்டியாக ஆடை கட்டியதுபோல.

பிரிட்ஜுக்குள் இன்னும் மோசம். என் பால் பாத்திரத்துக்கு மேலேயே, ஐஸ் தட்டில், மீன் தீனி. உறையவைத்த குட்டி இறால்கள், கண்ணோடும் மீசையோடும், கட்டி கட்டியாக. ஒருநாள் என் மகன் பனிக்கட்டி என்று நினைத்து அதில் ஒன்றைக் குடிதண்ணீரில் போட்டுக் குடித்தும் விட்டான். அதைப் பற்றி மேலே பேச எனக்கு மனமில்லை.

இத்தனைக்கும் என் மருமகளைப்போலச் சுத்தக்காரியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. கத்தியும் கத்தரியும் இடுக்கியும் ரத்தமும் சதையுமாகத் தட்டில் வரும். கழுவுவாள், பிரஷால் பல்லுக்குப் பல் தேய்ப்பாள், துணியில் சுற்றி நீராவிப் பெட்டிக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டுவாள். திரும்பி வெளியே வரும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிகூட அதில் உயிரோடு இருக்கக் கூடாது. அவள் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து முகம் சுளித்த டாக்டர் இதுவரை கிடையாது. அங்கே அவளுக்கு 'வெந்நீரக்கா' என்று பெயர்.

ஒருமுறை என் பல்செட்டு கழிவறைத் தரையில் விழுந்துவிட்டது. "தண்ணியில அலசிக் குடும்மா, போதும்" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் நீராவிப் பெட்டியில் வைத்து எடுத்து வந்தாள். பளபளவென்று இருந்தது. வாயில் மாட்டினால் ஒரு பக்கம் மேலே போகிறது, ஒரு பக்கம் கீழே இறங்குகிறது. வெந்து கோணிவிட்டது. மூன்று வாரம் ஈறால் மென்றேன். "கிருமி இல்லாம இருக்குல்ல?" என்று கேட்டாளே தவிர, தப்பு என்று அவள் வாயிலிருந்து வரவில்லை.

அப்படிப்பட்டவள் இந்த நாற்றத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தபோது நான் நேராகவே கேட்டேன். "ஏம்மா, உனக்கு எதுக்கு இந்தக் கண்றாவி?"

"அங்க என் கைக்கு வர்றதை எல்லாம் சாகடிச்சுத்தானே வெளிய அனுப்புறேன். வீட்ல ஒண்ணாவது என் கையால பிழைக்கட்டுமேன்னுதான்."

"அப்போ நான்? நான் உன் கையாலதானே பிழைச்சுக் கிடக்கேன்?"

"நீங்க என் கைக்கு அடங்குற ஆளா அத்தை?"

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு எங்கே சண்டை போடுவது?

மற்ற மீன்கள் எப்படியோ பிழைத்தன. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ராஸ் என்று கடையில் சொல்லும் ஒரு வகை. உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாக, விரல் நீளம் இருக்கும். பொழுது சாய்ந்தால் மணலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து புதைந்துகொள்ளும், விடிந்ததும் எழுந்து வரும். பயந்தாலும் மணல்தான். புது இடம் என்றால் நாள்கணக்கில் வெளியே தலை காட்டாது. முதலில் வாங்கியது இரண்டு நாள் வெளியே வரவில்லை. இவள் பொறுக்கமாட்டாமல் கையை விட்டுத் தோண்டினாள். செதில் பெயர்ந்து, துடித்து, மறுநாள் செத்தது. இரண்டாவதைத் தோண்டவில்லை. தானாக எழுந்து வந்தது. வந்து, நாளுக்கு நாள் காய்ந்து நூலாகிச் செத்தது. அதை அவள் ஒரு காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டபோது வந்த வாடையில் நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

"மணல்ல அழுக்கு சேர்ந்திருக்கு, அதான் காரணம்" என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். மணல் முழுவதையும் அள்ளி என் பெரிய பாத்திரத்தில் போட்டு, மூன்று தண்ணீர் மாற்றி வேகவைத்தாள். ஆமாம், மணலை. பாறைகளையும் பிரஷால் தேய்த்தாள். வீடு முழுக்கப் பிணவாடை. எல்லாம் முடிந்தபோது மணல் சர்க்கரைபோல வெள்ளையாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது மீன் வந்தது. அதைக் கொண்டுவந்த அன்றே சொல்லிவிட்டாள்: "இதுவும் போச்சுன்னா தொட்டியைக் கழட்டிடலாம் அத்தை. உயிருள்ளது எதுவும் என் கைக்கு ஒத்துவராதுன்னு எடுத்துக்கறேன்."

தொட்டி போனால் எனக்கு நிம்மதி. ஆனாலும் அவள் அதைச் சொன்ன விதம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இந்த முறை எல்லாம் முறைப்படி நடந்தது. மீன் இருந்த பையைத் தொட்டியில் மிதக்கவிட்டாள். பிறகு ஒரு வாளியில் ஊற்றி, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் அதில் சேர்த்தாள். விளக்கை அணைத்தாள். துள்ளி வெளியே விழாமல் இருக்க, என் மகன் மேலே கொசுவலையை இழுத்துக் கட்டினான். அவனுக்கு டயர் கடை. வலையில் பத்து விரலும் கருப்பாகப் பதிந்திருந்தன. அதைக் கழற்றித் துவைத்து மறுபடி கட்டினாள். மீனை விட்ட மறுகணம் மணலில் ஒரு புகை எழுந்தது, ஆளைக் காணோம். நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஐந்தாம் நாள் அது எழுந்து வந்தது.

வந்தது, ஆனால் தின்னவில்லை. இறாலைப் போட்டால் வாயில் வைத்துத் துப்பும். நாள் முழுக்க மணலை ஒரு கண்ணால் பார்ப்பதும், திரும்பி மறு கண்ணால் பார்ப்பதும், பாறையைக் கொத்துவதும்தான் வேலை. வயிறு உள்ளே போய், முதுகு கத்திபோல ஆகிவிட்டது. இரண்டாவதுக்கு வந்த அதே கோலம்.

மீன் கடைக்காரரை வரச் சொன்னாள். அவரை நாங்கள் 'ஈரக்கை' என்போம். எப்போது பார்த்தாலும் கை சொட்டச் சொட்டத்தான் இருப்பார், அந்தக் கையாலேயே தொட்டுத் தொட்டுப் பேசுவார். வந்தார். "நல்லா இருக்கீங்களா பாட்டி?" என்று என் தோளைத் தட்டினார். நான் உடனே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் அவர் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளி உள்ளங்கையில் விரித்து, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது, ஒரு பூச்சிகூட இல்லையே?"

"எப்படி இருக்கும்? மூணு தண்ணி வேகவச்சேன்" என்றாள், தலையை நிமிர்த்திக்கொண்டு.

அவர் மணலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது ஆபரேஷன் தியேட்டர் இல்லக்கா. இந்த மீன் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மணல்லயும் பாறையிலயும் பூச்சி பொறுக்கித்தான் வயித்தை நிரப்பும். புது இடத்துக்குப் பழகி, போடுறதைத் தின்னக் கத்துக்குற வரைக்கும் அதுதான் அதுக்குச் சோறு. நீங்க வெறும் தட்டைக் கழுவிக் கழுவி அது முன்னாடி வைக்கிறீங்க."

"அப்போ ரெண்டாவது…"

"அதுவும் பட்டினிதான். அப்போ தொட்டி புதுசு, பூச்சி சேரவே இல்ல. இப்போ சேர்ந்த கொஞ்சத்தையும் நீங்களே அவிச்சுட்டீங்க."

பல்செட்டுக் கதையைச் சொல்ல நாக்கு துடித்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் அவர் தன்னுடைய ஆறு வருடப் பழைய தொட்டியிலிருந்து அரை வாளி மணல் கொடுத்தனுப்பினார். அதை எப்படிச் சொல்வது? சாம்பல் நிறம். கிளறினால் அழுகிய முட்டை நாற்றம். உற்றுப் பார்த்தால் மணலே அசைந்தது. தூசியளவில் வெள்ளைப் பூச்சிகள் துள்ளின, நூல்போலச் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. என் சுண்டுவிரல் நீளத்தில், இரண்டு பக்கமும் மயிர் வைத்த புழு ஒன்று வாளியின் ஓரத்தில் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். வாளியைத் தூக்கிக்கொண்டு அவளும் பின்னாலேயே வந்து நின்றாள். அவள் கண் அடுப்பின்மேல் இருந்தது.

"ஒரே ஒரு கொதி அத்தை. அந்தப் பெரிய புழு மட்டும் போயிடும்."

"கொதிக்கிற தண்ணிக்குப் பெருசு எது, சின்னது எதுன்னு தெரியுமா?"

"லேசாக் காட்டி எடுத்துடுறேன்."

"அந்த வாளி என் அடுப்புல ஏறினா, இந்த வீட்ல நான் ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான், உனக்கே தெரியும்."

என்னையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாளியைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் மீனைக் காப்பாற்றத்தான் தடுத்தேன் என்று பிறகு எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். அதெல்லாம் இல்லை. என் அடுப்பைக் காப்பாற்றினேன்.

மேலிருந்து கொட்டினால் தண்ணீர் கலங்கும்; ஒரு குவளையில் அள்ளி, கையை அடிவரை விட்டு, மெதுவாகச் சாய்க்க வேண்டும் என்று ஈரக்கை சொல்லியிருந்தார். தோள்வரை தொட்டிக்குள் கையை விட்டு நின்றாள். நான்காவது குவளைக்கு அந்த மயிர்ப்புழு அவள் மணிக்கட்டில் ஊர்ந்தது. ஓங்கரித்தாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

"ரத்தம் கழுவுறப்பகூட எனக்கு இப்படி வந்ததில்ல அத்தை."

"எப்படி வரும்?"

"அது செத்தது. இது நகருதே!"

இந்தக் கலவரத்தில் மீன் மிரண்டு மணலுக்குள் பாய்ந்துவிட்டது. மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்ணாடி முன்னால் போய்க் குனிந்து நிற்பாள். ஆறு நாள் ஆயிற்று. அவ்வளவு மெலிந்த உடம்பு மணலுக்குள் எத்தனை நாள் தாங்கும்? ஏழாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "சாயங்காலம் வந்து தோண்டி எடுத்துடுறேன். செத்துக் கிடந்தா தண்ணி கெட்டுப்போய் மத்ததும் சாகும். ஈரக்கைகிட்ட சொல்லிட்டேன், கடைப் பசங்களைக் கூட்டிட்டு வந்து தொட்டியைக் கழட்டிடுவார்."

"சரி" என்றேன்.

பதினோரு மணி இருக்கும். ஜன்னலைச் சாத்தக் கூடத்துக்குப் போனேன். தொட்டியைத் தாண்டும்போது வழக்கம்போல மூச்சை அடக்கிக்கொண்டுதான் நடந்தேன். மணல் ஓரிடத்தில் விரிந்தது. முதலில் இரண்டு கண். அப்புறம் மூக்கு. அப்புறம் முழு மீன், மணலை உதறிக்கொண்டு எழுந்து வந்தது. காகிதம்போல இருந்தது. அப்படியே நின்று என்னைப் பார்த்தது. பிறகு குனிந்து ஒரு கொத்து.

எனக்கு எழுத்துத் தெரியாது. போனில் அவள் படத்தை அமுக்கத் தெரியும். வேறு யாரோ ஒரு பெண் எடுத்தாள்.

"வெந்நீரக்கா பெட்டியில அடுக்கிட்டு இருக்காங்க பாட்டி. அரை மணி நேரம் கழிச்சுப் பேசுங்களேன்."

"அரை மணியெல்லாம் முடியாது. மீன் எழுந்துடுச்சுன்னு அவகிட்ட கத்து."

கத்தினாள். என்னவோ தட்டு விழுந்து உருண்டது. "அத்தை! தின்னுதா?"

"தின்னுது, கண்றாவி."

"எதை? எதுவா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும், முழுங்குதா துப்புதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கிட்ட போய்ப் பாருங்க அத்தை. அது வாயைப் பாருங்க."

அந்தக் கண்ணாடியில் மூக்கு படும்படி நான் குனிந்தது அன்றுதான். "சிவப்பா, நூல் மாதிரி ஒண்ணு. பாதி வாய்க்குள்ள, பாதி வெளிய. ஐயோ, நெளியுது. நான் வச்சிடறேம்மா."

"வைக்காதீங்க! துப்பிடுச்சா?"

"இல்ல. உறிஞ்சுது… முழுங்கிடுச்சு."

அந்தப் பக்கம் நீராவி சீறுவது மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். அவ்வளவு சுத்தக்காரி, கையுறையாலேயே மூக்கைத் துடைத்திருப்பாள்.

"இன்னொண்ணு தின்னுதான்னு பார்த்துச் சொல்லுங்க அத்தை."

பார்த்துச் சொன்னேன். ஒவ்வொரு புழுவாக, எந்த நிறம், எவ்வளவு நீளம், எத்தனை தடவை நெளிந்து உள்ளே போனது என்று பதினொன்று வரை சொன்னேன். பன்னிரண்டாவது மயிர் வைத்தது. போனை நாற்காலிமேல் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். "அத்தை, முழுங்கிடுச்சா? அத்தை?" என்று நாற்காலி கேட்டுக்கொண்டே இருந்தது.