மனுவில் எழுதிய வாஸ்ட் மெஜாரிட்டி

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். ‘வாஸ்ட் மெஜாரிட்டி’ என்ற ஆங்கிலத் தொடர்மீது எனக்கு அப்போது ஒரு மோகம். ஆலையை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், மூடக் கூடாதென்று தொழிலாளர்களுக்காக அடித்த மனுவிலும் அதைப் போட்டேன். ஆனால் நூறு பேரில் ஐம்பத்திரண்டு பேர்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். மற்றவர்கள் முதலாளிக்குப் பயந்து ஒதுங்கிவிட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு அலுவலகத்தில் மனுவை வாங்கிய அதிகாரி கையெழுத்துகளை எண்ணினார்.

“பாதிக்கு மேல ரெண்டே பேரு. இதுக்கு மெஜாரிட்டின்னாலே போதும். வாஸ்ட்னா நூத்துக்குத் தொண்ணூறாவது வேணும்யா. மாத்தி எழுதிட்டு வாரும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரிதான் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

மாற்றி எழுதிக் கொடுப்பதற்குள் ஆலைக்குப் பூட்டு விழுந்தது. திறக்கச் சொல்லி, மறுபடியும் ‘வாஸ்ட்’ போட்டு அடித்த மனுவில், பூட்டிய கேட்டுக்கு முன்னாலேயே தொண்ணூற்றாறு பேர் கையெழுத்திட்டார்கள். முதலில் ஒதுங்கிய ஒருவர், “இப்பமாவது இங்கிலீஷ் சரியா இருக்கா?” என்று கேட்டார்.

அதிகாரி இம்முறை ஒரு திருத்தமும் சொல்லவில்லை. முத்திரை குத்தி, மேசையோரத்துக் காகிதக் கட்டின்மேல் வைத்தார்.

ஆறு மாதம் கழித்துப் போனேன். எங்கள் மனு அதே காகிதக் கட்டுக்குள் இருந்தது. அதன்மேல் வேறு ஆலைக்காரர்களின் மனுக்கள் ஏறியிருந்தன.

என் இங்கிலீஷில் மட்டும் ஒரு குற்றமும் இல்லை.