அந்த இருபது நிமிஷம் யார் பிள்ளை?

இரண்டு வாரத்துக்கு முன் ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தங்கியிருந்தேன். மைத்துனன் அங்கே கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவன். விடியுமுன் பெரட்டில், கூலிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடக் கிளம்பினான். நானும் கூடப் போனேன். போகாமல் தூங்கியிருக்கலாம்.

சாயங்கால வெளிச்சம் கூடக் கிடைக்கட்டும் என்று சர்க்காரில் ஊர் முழுக்கக் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் தள்ளிவிட்டார்கள் அல்லவா? தோட்டத்து ஆபீஸும் தள்ளிவிட்டது. ஆனால் ரப்பர்ப் பால் வெட்டும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக் கொட்டகை மட்டும் பழைய மணிக்குத்தான் திறக்கிறது. சாவி, தோட்டத்து ஆஸ்பத்திரியை நடத்தும் டிரெஸ்ஸரிடம். அவருக்கு இன்னும் ஆர்டர் வரவில்லையாம்... என்ன அநியாயம் இது?

முனியம்மா என்கிற பெண் இடுப்பில் பிள்ளையோடு ஓடி வந்தாள்.

“பேரு கூப்பிட்டாச்சு. இன்னிக்கு உனக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ” என்றார் கங்காணி.

“கொட்டாய் இன்னும் தொறக்கலைங்க. புள்ளைய எங்க விடுறது?”

“அத என்கிட்ட கேட்டா?”

நான் மைத்துனனை முறைத்தேன். “என்னைய என்ன செய்யச் சொல்றீங்க, அத்தான்? ஆபீஸ் கடிகாரம் தொரை கையில, கொட்டாய்ச் சாவி டிரெஸ்ஸர் கையில” என்றான்.

“நாளைக்கு என்னம்மா செய்வாய்?” என்று அவளிடம் கேட்டேன்.

“பால் வெட்டுற காட்டுக்கே தூக்கிட்டுப் போயி மரத்துல ஏணை கட்டிப் போட்டுக்கிறேங்க. வேற என்ன பண்றது?”

அந்த இருட்டில், அந்தக் கொசுக்காட்டில்! பெற்றவள் வேறு என்னதான் செய்வாள்?

எங்கள் ஊர் குளுவாங் திரும்பினால், வாசகசாலையில் விவாதம் — பழைய மணிக்கே திரும்பலாமா, வேண்டாமா? ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் நண்பர் எழுந்தார். “சாயங்காலம் பேட்மிண்டன் ஆட வெளிச்சம் கூடக் கிடைக்குது லா. இருபது நிமிஷத்துல என்ன குடி முழுகிப் போச்சு?”

எனக்கு வந்ததே கோபம்! முனியம்மா கதையைச் சொன்னேன். மணியை மாற்றுவதானால் பெரட்டுக்கும் கொட்டகைக்கும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் இரண்டையும் பழைய மணிக்கே விட்டுத் தொலையுங்கள் என்று கத்தினேன். “அது தோட்டத்துச் சமாச்சாரம், நமக்கெதுக்கு?” என்றார் நண்பர். நாலு பேர் தலையாட்டினார்கள். பால் வெட்டுகிறவர்கள் வேறு ஜாதி மனிதர்களா, ஐயா?

நேற்று மைத்துனன் சந்தைக்கு வந்திருந்தான். காட்டில் ஏணையில் கிடந்த முனியம்மாவின் பிள்ளைக்குக் குளிர்காய்ச்சலாம். பொழுது விடிந்ததும் விடியாததுமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். கதவு பூட்டிக் கிடந்ததாம். ஆபீஸ் கடிகாரத்தில் திறக்கும் நேரம் ஆகிவிட்டது; டிரெஸ்ஸரின் பழைய மணிக்கு இன்னும் ஆகவில்லையாம்.

பேட்மிண்டன் ஆட்டம் முடிந்ததும் யாராவது போய் அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கள்... உங்களுக்குத்தான் வெளிச்சம் நிறைய இருக்கிறதே!