நோன்பைச் சாட்டி இழந்த முன்பல்

யட்டவத்தையில் எங்கள் சிறிய பள்ளிவாசலில் பிற்பகல் அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது பல வருடங்களாக என் பொறுப்பாக இருந்தது. சம்பளம் கிடையாது, அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க மனமும் கிடையாது.

ஒருநாள் கடைக் கதவின் இரும்புச் சட்டம் என் மேல்வரிசை முன்பல்லில் அடித்தது. இரண்டு மாதத்தில் பல் கறுத்து, ஈறு வீங்கியது. மாத்தளையில் பல் டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். பிடுங்கிவிட்டுப் பொய்ப்பல் வைக்கலாம். இல்லையென்றால் உள்ளே செத்துப்போன நரம்பை எடுத்து, வேரின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்து அடைத்து, மேலே உறை போட்டுச் சொந்தப் பல்லையே காப்பாற்றலாம். எங்கள் பக்கம் ‘நேர்வ் ஃபில்லிங்’ என்பது இதைத்தான். காப்பாற்றித் தாருங்கள் என்றேன். பாங்கில் ‘ஃபலாஹ்’ என்றொரு சொல் வரும். வெற்றி என்று பொருள். மேல் முன்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் அதன் முதல் எழுத்துச் சுத்தமாக வரும்.

முதல்நாள் நரம்பை எடுத்து, மருந்து வைத்து, தற்காலிகமாக மூடினார்.

“வலி நின்னா வேல முடிஞ்சிச்சுன்னு நெனச்சிராதீங்க. ரெண்டு கிழமையில கட்டாயம் வாங்க,” என்றார்.

வலி நின்றது. அந்த இரண்டு வாரம் முடியுமுன் ரமழான் நோன்பும் தொடங்கியது. பல்லில் கை வைத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாள் மனைவி. பாங்கு சொல்கிறவனுக்கே மார்க்கம் சொல்லித்தருகிறாயா என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். உண்மையில் எனக்கு ஊசிக்குப் பயம்.

நோன்பு மாதம் முடிந்து வந்த பெருநாள் சாப்பாட்டில் எலும்போடு இருந்த இறைச்சியைக் கடித்து இழுத்தேன். பல் ஈறுக்குள்ளே வேர்வரை வெடித்துவிட்டது. இனிப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார் டொக்டர். சொன்ன நாளில் வராததற்கு நான் நோன்பைக் காரணம் சொன்னேன்.

“ராவு ஒம்பது மணி வரைக்கும் இங்கதானே இருந்தோம். நோன்பு தொறந்துட்டு எத்தனையோ பேர் வந்தாங்க,” என்றார்.

வெட்கத்தோடு பல்லைப் பிடுங்க வாயைத் திறந்தேன்.

இப்போது இருப்பது கழற்றி மாட்டும் பல். ‘ஃபலாஹ்’ என்ற அந்த ஒரு சொல்லில் காற்றுச் சீறுகிறது. நானாகவே பாங்கை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். பாங்கைக் கேட்பவர்கள் ஒவ்வொரு வரியையும் மெல்லத் திருப்பிச் சொல்வது வழக்கம். தொழுகைக்கும் வெற்றிக்கும் அழைக்கிற வரிகளுக்கு மட்டும் வேறு மறுமொழி: அல்லாஹ்வையன்றி எங்களுக்கு எந்தச் சக்தியும் இல்லை. அஸருக்கு வரிசையில் உட்கார்ந்து நானும் அதைத்தான் சொல்கிறேன். ஃபலாஹ் என்ற சொல் என் வாய்க்கு இனித் தேவைப்படுவதில்லை.