நீலக்கோடு ஓடும் நேரம்

கேரளாவில், ஈராட்டுப்பேட்டையிலிருந்து பாலா என்ற ஊருக்குப் போகிற ரோட்டில், ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. முதலாளி வக்கச்சன். நான் கேமரா. கம்பத்திலிருந்து மலை ஏறி இறங்கி இங்கே வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணமானவர்களில் பாதிப் பேரைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தவன் நான். செத்துப்போனவர்களில் பாதிப் பேரின் பெட்டியைச் சுற்றிக் குடும்பத்தை உயரவாரியாக நிறுத்தி, கடைசிப் படம் எடுத்தவனும் நான்தான். நான் எடுத்துவந்து கொட்டுகிறதை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மனிதர்கள் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருகிறவர் ரோசிலி சேச்சி.

ரோசிலி சேச்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. காலை ஒன்பது மணி பஸ்ஸில் குடையும் சோற்றுப் பொதியுமாக வருவார், சாயங்காலம் ஐந்தரை பஸ்ஸில் போவார். பிஷப்பைவிட அதிகக் கல்யாணம் பார்த்தவர், ஆனால் எந்தக் கல்யாணத்துக்கும் போகமாட்டார். எதற்குப் போக வேண்டும், ஒவ்வொன்றையும் நாலு தடவை பார்த்தாகிவிட்டது என்பார். எந்த மாப்பிள்ளையின் சித்தப்பா குடித்துவிட்டு வந்தார், எந்தப் பெண் நிஜமாக அழுதாள், எவள் கேமராவைப் பார்த்து அழுதாள் எல்லாம் அவருக்குத் தெரியும். கடைத்தெருவில் நடந்தால் எதிரே வருகிறவர்கள் எல்லாரையும் அவருக்கு அடையாளம் தெரியும். அவரை ஒருத்தருக்கும் தெரியாது.

வீட்டுக்காரர் ஔசேப்பு ரப்பர் வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். ஒரே மகள் டெல்னா. நர்ஸ் படித்துவிட்டு, போன வருஷம் பிப்ரவரியில் அயர்லாந்துக்குப் போனாள். இந்தப் பக்கத்தில் நர்ஸ் படித்த பெண் வெளிநாடு போகாவிட்டால்தான் செய்தி, அதனால் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை.

எங்கள் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டு. வேலை நேரத்தில் போன் எடுக்கக் கூடாது. ஆனால் கம்ப்யூட்டர் தானாக வேலை செய்கிற நேரத்துக்கு விலக்கு. வெட்டி ஒட்டிய படத்தை ஒரே படமாக ஆக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால், திரையில் ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக நகரும். அது முடிகிறவரை மனிதனுக்கு வேலையில்லை. "கோடு ஓடுறப்ப நீங்க கதகளிகூட ஆடுங்க. கோடு நின்னா போன் பைக்குள்ள போயிடணும்," என்பது வக்கச்சன் வாக்கு. எங்கள் பழைய டிஸ்க்கில் அந்தக் கோடு நாற்பத்தைந்து நிமிஷம் ஓடும். மூன்று கேமராவில் எடுத்ததை ஒரே சமயத்தில் இழுத்துக் கொடுக்க வேண்டுமென்றால் அந்தப் பெட்டி என்னதான் செய்யும், பாவம்.

இந்த வேகத்தில் ஒரு கல்யாண வீடியோ கைக்குப் போக எட்டு மாதம், பத்து மாதம் ஆகும். ஒரு தடவை மேலுக்காவில் ஒரு வீட்டுக்கு வீடியோவைக் கொண்டுபோனால், அன்றைக்கு அங்கே குழந்தைக்கு ஞானஸ்நானம். பெண்ணின் அம்மா வக்கச்சனை உட்காரவைத்துக் கேக் கொடுத்து, "அவசரமில்ல, இதையும் அதோட சேத்து ஒண்ணா குடுத்திருங்க," என்றார். வக்கச்சன் ஒரு வாரம் பள்ளிமுற்றத்தில், அதாவது சர்ச் வாசலில், யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த வாரம் கோட்டயத்திலிருந்து புது டிஸ்க் வந்தது.

தீப்பெட்டி அளவுதான். கொண்டுவந்தவன் அதை மேசையில் வைத்து, பழைய டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம் என்றான். அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் தெளிவாகத்தான் சொன்னான்: கேமராவிலிருந்து வந்ததையும், வெட்டிக்கொண்டிருப்பதையும் புதிதில் வைக்க வேண்டும், முடிந்த படங்களைப் பழையதில் போட்டுவைத்தால் போதும், மாற்றிச் செய்தால் வாங்கியதே வீண். ரோசிலி சேச்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வக்கச்சன் பள்ளியிலிருந்து பங்குச் சாமியாரான விகாரி அச்சனைக் கூட்டிவந்து வெஞ்சரிக்கச் செய்தார். புது வீடு, புது வண்டி என்று எதற்கும் அச்சன் வந்து ஜெபம் சொல்லிப் புனித நீர் தெளிக்காமல் இங்கே எதுவும் தொடங்காது. தண்ணீர் பட்டால் டிஸ்க் போய்விடும் என்று நான் பயந்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன். அச்சன் துண்டுக்குத் தெளித்தார். அவர் படியிறங்கியதும் வக்கச்சன் புதுச் சட்டம் போட்டார். "இதுல கல்யாணம் மட்டும்தான் ஏறணும். மரணம் ஏறக்கூடாது. புதுக் காரை முதல்ல சாவு வீட்டுக்கா எடுத்துட்டுப் போவோம்?"

ரோசிலி சேச்சி ஒரு நாள் முழுக்க யோசித்தார். தொழில்நுட்பமாக ஏதோ கணக்குப் போடுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். மறுநாள் காலை அவர் வக்கச்சனிடம் போய், ரொம்பப் பவ்யமாக ஒரு சந்தேகம் கேட்டார். கேமரா கார்டில் காலையில் எடுத்த மரணமும் மத்தியானம் எடுத்த கல்யாணமும் ஒன்றாகத்தானே வருகிறது, அதை அப்படியே புது டிஸ்க்கில் இறக்கினால் மரணமும் ஏறிவிடாதா என்று. வக்கச்சனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அப்புறம் சேச்சியே வழியும் சொன்னார். வந்ததை எல்லாம் பழையதிலேயே இறக்குவோம், அதிலேயே வெட்டுவோம், எல்லாம் முடிந்து சுத்தமான கல்யாணமாக ஆனபிறகு புதிதில் ஏற்றிவைப்போம். வக்கச்சனுக்கு உயிர் வந்தது. "ரோசிலிக்குப் புத்தி இருக்கு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார், எனக்கு இல்லை என்பது போல.

எனக்கும் இல்லைதான். கோட்டயத்துக்காரன் சொன்னதற்கு இது நேர் எதிர் என்று எனக்குப் புரியவே மூன்று நாள் ஆனது. புரிந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. வீடியோ தாமதமானால் கல்யாண வீட்டுக்காரர்கள் ரோசிலி சேச்சியையா திட்டுகிறார்கள்? அவர் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது. மீன்கடையில், பஸ்ஸில், பள்ளி வாசலில் பிடித்துக்கொள்வது என்னைத்தான். கேட்டுவிடுவது என்று ஒரு நாள் சரியாக மூன்று மணிக்கு அவர் அறைக்குள் போனேன்.

கோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் திரைமேல் சாய்த்துவைத்த போனில் டெல்னா. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, மடித்த படுக்கை விரிப்புகள் கூரைவரை அடுக்கியிருந்த ஒரு சின்ன அறையில், கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் சோற்று டப்பா. "இன்னும் ரெண்டு வாய்," என்று சேச்சி சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் சாப்பிடுகிற பெரிய ஹாலுக்கு ஏன் போகவில்லை, தனியாக உட்கார்ந்து தின்னாதே, யார் பக்கத்திலாவது போய் உட்கார் என்று கெஞ்சலும் அதட்டலுமாகப் போனது. அந்தப் பெண் அம்மாவிடம் சொன்னாள்: "அவங்க சிரிக்கிறப்ப நான் எப்ப சிரிக்கணும்னு தெரியல அம்மச்சி."

பேச்சு முடிந்ததும் நான் கேட்டேன். "சேச்சி, படத்தை எல்லாம் புது டிஸ்க்ல போட்டா இந்தக் கோடு எவ்வளவு நேரம் ஓடும்?"

"பன்னெண்டு நிமிஷம்," என்றார். தயங்கவே இல்லை. "முதல் நாளே போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப வேணும்னே தான்…"

"பன்னெண்டு நிமிஷத்துல என்ன ஆகும் சிவா? முதல் எட்டு நிமிஷம் பசிக்கலைம்பா. அப்புறம்தான் டப்பாவைத் திறப்பா. பாதி சோத்துல அழுவா. அழுது முடிச்சு மூஞ்சி கழுவிட்டு வார்டுக்குப் போக வேண்டாமா?"

அவளுக்குக் காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டுவரை வேலை. நடுவில் கிடைக்கிற அரைமணி நேரம் நமக்கு மூன்று மணி. வேலை முடிந்து கூப்பிட்டால் இங்கே நடுச்சாமம். லீவு நாளில் வீட்டுக்குக் கூப்பிடுவாள், ஆனால் அங்கே ஔசேப்பு, அவர் அக்கா, பக்கத்து வீட்டார் என்று போன் கைமாறிக்கொண்டே இருக்கும், எல்லாரிடமும் நல்லா இருக்கேன் என்றே சொல்வாள். நல்லா இல்லை என்று சொல்ல அவளுக்கு இந்த நீலக்கோட்டின் அடியில் மட்டும்தான் இடமிருந்தது. சண்டைக்குப் போனவன் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். அந்தப் பெண்ணை நினைத்து மனசு கிடந்து தவித்தது. கோபமும் முழுக்கப் போகவில்லை, மீன்கடையில் நிற்கப்போவது நான்தானே.

அதற்கப்புறம் நானும் கூட்டுக்களவாணி ஆனேன். புது டிஸ்க் வந்தும் வேகம் கூடவில்லையே என்று வக்கச்சனுக்கு உறுத்தியது. மரணத்துக்கென்று தனியாக இரண்டு கார்டு வாங்கி, கறுப்பு மையில் சிலுவை போட்டு என் கையில் கொடுத்தார். அந்த வாரமே சிலுவைக் கார்டில் ஒரு நிச்சயதார்த்தத்தையும், கல்யாணக் கார்டில் ஒரு சவ அடக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். "இத்தனை வருஷமாச்சு தமிழா, உனக்குச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வித்தியாசம் தெரியலையே," என்றார். "கேமராவுக்கு எப்படித் தெரியும் சேட்டா? ரெண்டுலயும் அதே சொந்தக்காரங்க, அதே அச்சன்," என்றேன். அதோடு தனிக் கார்டு யோசனை போயிற்று.

அக்டோபர் கடைசியில் அயர்லாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். இங்கே ரோசிலி சேச்சி பொத்தானை அழுத்துகிற நேரம் மூன்றிலிருந்து நாலுக்குப் போனது. வக்கச்சன் அதைக் கவனித்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "குளிர்காலம் வருதில்ல சேட்டா, மெஷின் சூடாக நேரமெடுக்குது," என்றார் சேச்சி. வெளியே துலாமழை கொட்டி, ஈரப் புழுக்கத்தில் எங்கள் எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வக்கச்சன் நம்பினார். அடுத்த வாரம் ஒரு கஸ்டமரிடம் இதையே விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் ஒரு நாள் போனில் படுக்கை விரிப்புகளைக் காணவில்லை. பெரிய ஜன்னல், மேசைகள், பின்னால் பேச்சுச் சத்தம். செம்பட்டை முடிக்கார வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி நடுவில் தலையை நீட்டிக் கையசைத்தாள். சேச்சி எழுந்து நின்று கையசைத்தார். அன்றைக்கு ஐந்தரைவரைக்கும் அதையே பேசினார். "சிரிக்கிறா சிவா, சரியான இடத்துல சிரிக்கிறா," என்றார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் அரைமணி இருபது நிமிஷமானது, பத்தானது. ஒரு செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பொத்தானை அழுத்தி, போனைச் சாய்த்துவைத்துக் காத்திருந்தார். டெல்னாவின் குரல் மட்டும் வந்தது, பதிந்து அனுப்பியது: "அம்மச்சி, இங்க ஒரு சிஸ்டருக்குப் பிறந்தநாள், எல்லாரும் சேந்து சாப்பிடறோம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடறேன்." கோட்டில் இன்னும் நாற்பது நிமிஷம் பாக்கி. சேச்சி கையை மடியில் வைத்துக்கொண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

அடுத்த திங்கட்கிழமை நான் வந்தபோது அவர் எல்லாவற்றையும் பழைய டிஸ்க்கிலிருந்து புதிதுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். மரணம் கலந்திருக்குமே என்று கேட்டேன்.

"பிரிச்சாச்சு. அஞ்சு நிமிஷ வேலை," என்றார்.

நாலு மணிக்குப் பொத்தானை அழுத்தினார். கடையிலிருந்து வந்த டீ ஆறுவதற்குள் கோடு முடிந்துவிட்டது. வக்கச்சன் நம்பாமல் இன்னொரு தடவை அழுத்தச் சொன்னார். அதுவும் பன்னிரண்டே நிமிஷம். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரப்பர் கடைக்காரரை மேலே கூப்பிட்டுக் காட்டினார். விகாரி அச்சனுக்குப் போன் போட்டு, அவர் வெஞ்சரித்தது ஒன்பது மாசம் கழித்து இன்றைக்குத்தான் பலித்தது என்றார். "இவ்வளவு நாளும் இது நம்ம கைக்குப் பழகாம இருந்திருக்கு," என்று எங்களுக்கும் விளக்கினார்.

"புது இடமில்லையா சேட்டா," என்றார் ரோசிலி சேச்சி. "பழகறதுக்குக் கொஞ்ச நாளாகும்."

இப்போது கல்யாண வீடியோ ஒரே மாதத்தில் கைக்குப் போகிறது. மீன்கடையில் என்னை யாரும் பிடிப்பதில்லை. அந்தச் சந்தோஷத்தில் வக்கச்சன் சட்டத்தையே தூக்கிவிட்டார். "இனிமே கோடு ஓடினாலும் ஓடாட்டியும் நீ தாராளமா போன்ல பேசிக்கோ ரோசிலி, யாரு கேக்கப்போறா," என்றார். சரி சேட்டா என்றார் சேச்சி. போன் பைக்குள்ளேயே இருக்கிறது. நாலு மணிக்கு அடுத்த கல்யாணத்தைத் திறந்து, பெண் அழுகிற இடத்தில் பாட்டைக் கொஞ்சம் குறைக்கிறார்.