சர்ட்டிபிகேட்டில் இருந்த வயது

ஐம்பத்து நாலோ ஐந்தோ, வருஷம் சரியாக நினைவில்லை. செங்கல்பட்டில் ஜில்லா அளவில் பள்ளிகளுக்கான விளையாட்டுப் போட்டி நடந்தது. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான நூறு கஜ ஓட்டத்தில் நான் முதலாவதாக வந்தேன். அதைச் சொல்லிக்கொண்டு மார் தட்டித் திரிந்த காலமும் உண்டு.

அன்று எனக்கு வயது பதினேழரை.

யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஏமாற்றவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது பிறந்த தேதிக்கு அத்தாட்சி எல்லாம் அப்போது யார் கேட்டார்கள்? வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது என்று கணக்கு. நான் சரியான நோஞ்சான். ஏழு வயது வரை என் விரல் காதை எட்டவே இல்லை. எட்டிய அன்று வாத்தியார் ஐந்து என்று எழுதி, எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிற மாதிரி ஜூன் முதல் தேதியைப் பிறந்த நாளாகப் போட்டுவிட்டார். பதினாலு வயதுக்கு மேல்தான் மளமளவென்று வளர்ந்தேன். என் உண்மையான வயது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகவே தெரியும்.

அந்த ஓட்டத்தில் முதலில் வருகிற ஒருவனுக்குத்தான் சென்னைக்குப் போக இடம். போனால் ஹாஸ்டல் சாப்பாடு, படிப்பு, தனியாக ஆள் வைத்துப் பயிற்சி. இரண்டாவதாக வருகிறவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவன் வந்திருந்தான். பதினாலு வயது இருக்கும். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. பட்டன் போன டவுசரை அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டு, முதல் சுற்றில் அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் இவனை முந்துவது கஷ்டம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் குழாயடியில் தண்ணீர் குடிக்கும்போது அவன் என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று காலையில்தான் சவரம் செய்திருந்தேன்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சியில கத்தி போட்டுகினு வந்துகீற. உனுக்கு இன்னும் பதினாறு ஆவலியா?"

நான் வாயைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவன் நேராகப் போய் எங்கள் டிரில் மாஸ்டரிடமே கேட்டுவிட்டான். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தப் பையன் ஏதோ சொல்றான். உன் வயசு சரிதானடா?" என்றார்.

"சர்ட்டிபிகேட்ல இருக்கு சார்" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் பள்ளிக்கு ஒரு கோப்பை வேண்டியிருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நான்கு விரற்கடை வித்தியாசத்தில் ஜெயித்தேன். அந்த வயதில் மூன்று வருஷத்துக்கு மேல் மூத்தவன் என்பது சாதாரண விஷயமா? அப்படியும் நான்கு விரற்கடைதான். அவன் அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தை விட்டுப் போனான்.

சென்னையில் நான் என்ன கிழித்தேன் என்று கேட்காதீர்கள். முதல் வருஷம் ஜூனியர் பிரிவில் இரண்டு பதக்கம். பேப்பரில் இத்துனூண்டு படம். ஒரு பெரிய மில்லில் ஓடுவதற்காகவே வேலை கொடுத்தார்கள். காலையில் பெயருக்கு ஆபீஸ், மதியத்துக்கு மேல் மைதானம். ஓடிப் பிழைக்கிற வாழ்க்கை. ஆனால் சீனியர் பிரிவுக்குப் போனதும் சாயம் வெளுத்தது. மற்றவர்கள் வளர வளர வேகம் கூடியது. நான் வளர வேண்டியதெல்லாம் ஏற்கெனவே வளர்ந்து முடித்திருந்தேன். நாலாவது, ஐந்தாவது, ஒரு தடவை கடைசி. மூன்றாவது வருஷம் மில்காரர்கள் என்னை நூல் குடோனில் உட்கார வைத்தார்கள். பயிற்சியாளர் சரியில்லை, முழங்கால் வலி என்று எல்லோரிடமும் ஏதேதோ சாக்குச் சொன்னேன்.

அதற்கடுத்த வருஷம் மில் நண்பர்களோடு மகாபலிபுரம் போயிருந்தேன். கடற்கரைக்குப் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் நிழலுக்கு ஒதுங்கினோம். அங்கே மரம் வெட்டிக்கொண்டிருந்த கூலியாட்களில் ஒருவன் என்னையே பார்த்தான். நான் அடையாளம் கண்டுகொள்வதற்குள் அவன் கண்டுகொண்டான்.

"அண்ணாத்த, செங்கல்பட்டுல ஓடுனது நீதான? இப்ப எங்க ஓடிகினு கீற?"

"விட்டுட்டேன்பா. மில்லுல வேலை" என்றேன்.

கையிலிருந்த கோடரியைக் கீழே போட்டுவிட்டான்.

"இன்னாது, வுட்டுட்டியா? நீ பெரிய ஆளாயிருப்பன்னு நென்ச்சிகினு கீறேன். பெரிய ஆளுகிட்டதான் தோத்தேன்னு ஊர்ல அல்லார்கிட்டயும் சொல்லிகினு கீறேன். இப்ப நான் இன்னான்னு சொல்றது?"

செங்கல்பட்டில் தோற்ற வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்கு வந்துவிட்டதாக அவனே சொன்னான். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்று எனக்குப் பதினேழரை வயது என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்கவும் வாயெடுத்தேன்.

"அது அன்னிக்கே எனுக்குத் தெரியும். நீ போ" என்றான். கோடரியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். அதன் பிறகு என் பக்கம் பார்க்கவே இல்லை. கூட வந்தவர்கள் யார் அவன் என்று கேட்டபோது, தெரிந்தவன் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பொய் வயதால் நான் மில்லிலிருந்து ரிட்டையராவதுகூட இரண்டு வருஷம் தள்ளிப்போனது. இப்போதும் ஜூன் முதல் தேதி வந்தால் பேரப்பிள்ளைகள் கேக் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே வெட்டுகிறேன். சர்ட்டிபிகேட்டில் இருந்ததைத்தானே சொன்னேன், அதில் பொய் எங்கே வந்தது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மாஸ்டர் அன்று கேட்டது என் வயதை.