தாய்மாமன் வெட்டிய இத்தாலி வண்டி

சேது எனக்குச் சித்தப்பா மகன். அவனுக்கு மூத்தவள் லீலாவதி. லீலாவதியைக் கட்டிய தனபாலன், கோலசிலாங்கூர் பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி. மச்சான்கள் இருவரும் ஒரே மாரியம்மனைத்தான் கும்பிட்டார்கள். ஆனால் ஒருவன் தொட்ட விபூதித் தட்டை அடுத்தவன் தொடமாட்டான்.

பகை சும்மா வரவில்லை. ஒருநாள் தனபாலன் லீலாவதியின் கன்னம் வீங்கும்படி அடித்துவிட்டான். மறுநாள் காலை, ஆட்கள் பேர் கொடுக்க வரிசையாக நிற்கும் பிரட்டில், அத்தனை பேர் பார்க்க சேது அவனை அறைந்தான். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த சேதுவுக்கு அந்த வாரமே வேலை போயிற்று, லயத்து வீடும் போயிற்று. யார் செய்த வேலை அது என்று எவரும் கேட்கவில்லை. பெண்சாதி சந்திரிகாவைக் கூட்டிக்கொண்டு அவன் செகிஞ்சானுக்குப் போய், நெல்வயல் டிராக்டர்களைப் பழுது பார்க்கும் ஆ லெக் என்ற சீனனின் பட்டறையில் சேர்ந்துகொண்டான்.

எண்பத்து மூன்றிலோ நாலிலோ லீலாவதியின் மகள் கலாவதிக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் சனத்தில் பெண்ணைக் கோயிலுக்கு அழைத்து வருவது தாய்மாமன். கோயில் வாசலிலிருந்து மணவறை வரை தூக்கிக்கொண்டு போவதும் அவனே. லீலாவதிக்கு உடன்பிறந்தவன் சேது ஒருவன்தான். லீலாவதி வாயைத் திறக்க முடியாத வீடு அது. ஆகவே நான்தான் போய்ப் பேசினேன்.

"தனபாலு, முறைன்னு ஒன்னு இருக்கில்லப்பா?"

"முறை இருக்குக்கா, மூஞ்சிதான் சரியில்ல" என்றான். "தூக்குறதெல்லாம் பட்டிக்காட்டுக் கூத்து. எம் பொண்ணு கால் நல்லாத்தான் இருக்கு, நடந்து வரும். கூட்டிட்டு வர்றதுக்கு அவன்கிட்ட என்ன இருக்கு? நெல்லு டிராக்டரா? சொந்தக் காடி இருந்தா வரச்சொல்லு. எரவல் காடி, வாடகைக் காடி எதுவும் என் வாசல்ல நிக்கக்கூடாது."

சேதுவிடம் சைக்கிள்தான் இருந்தது. அது தெரிந்துதான் தனபாலன் சொன்னான்.

நான் சொன்னதைக் கேட்ட சேது, பழைய துரையின் பங்களாவுக்குப் போனான். துரை சீமைக்குத் திரும்பியபோது கொட்டகையில் விட்டுப்போன இத்தாலி வண்டி ஒன்று அங்கே கிடந்தது. ஆல்ஃபா ரோமியோ. துணிக்கூரை, இரண்டே சீட்டு, முகப்பு முத்திரையில் மனிதனை விழுங்கும் பாம்பு. உள்ளே கோழி முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்திருந்தது. "இடத்தை அடைக்குது, எடுத்துட்டுப் போ" என்று புது மானேஜர் சும்மாவே கொடுத்தார். லோரியில் ஏற்றும்போது அடித்தகடு பாதி கொட்டகையிலேயே உதிர்ந்துவிட்டது.

இஞ்சின் இறுகிக் கிடந்தது. இத்தாலிச் சாமானுக்கு இவன் எங்கே போவான்? லோரியில் மோதி நசுங்கிய ஒரு டட்சன் டாக்சியின் இஞ்சினைக் கழற்றி வந்து, தாங்கிகளை வெட்டி ஒட்டி உள்ளே உட்கார வைத்தான். ரேடியேட்டர் ஒரு பழைய வேனுடையது. கிழிந்த கூரைக்கு லோரிக்குப் போடும் கித்தானைத் தைத்தான். ஓட்டைகளுக்கெல்லாம் தகடு வைத்து, புட்டிக் களிம்பு பூசி, தேய்த்து, டிராக்டருக்கு அடிக்கும் சிவப்பையே அடித்தான். வேகம் காட்டும் முள் டட்சனோடு சேராமல் எப்போதும் சைபரிலேயே நின்றது. பாம்பு முத்திரையை மட்டும் சந்திரிகா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியோடு வந்து தனபாலன் வாசலில் நிறுத்தினான். லயமே கூடிவிட்டது. தனபாலன் சுற்றிச் சுற்றி வந்தான்.

"டேய், பாம்பு படம் போட்ட வண்டியில கல்யாணப் பொண்ணா?"

"பாம்பு வெளியதான் இருக்கு கிராணியாரே. உங்க வீட்ல உள்ளயே இருக்கு."

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தனபாலனின் முகம் கறுத்தது. குனிந்து உள்ளே பார்த்தான்.

"ரெண்டு சீட்டுதான் இருக்கு. நீ ஓட்டுவ, எம் பொண்ணு உன் பக்கத்துல தனியா உக்காருமா? உம் பொண்டாட்டி வரணும், எங்கக்கா லெட்சுமி வரணும். இத்தனை பேருக்கும் எடம் இருந்தா ஏத்திக்க. இல்லேன்னா இந்தத் தகரத்தக் கொண்டுபோய்க் கோழிக்கே குடு."

லெட்சுமி நல்லவள். ஆனால் அவள் உட்கார்ந்தால் கோயில் பெஞ்சு முனகும். தனபாலன் அவள் பேரை எதற்குச் சொன்னான் என்று எல்லாருக்கும் விளங்கியது.

சேது செகிஞ்சானுக்குத் திரும்பி, வண்டியின் பின்பக்கத்தை வெட்ட முடிவு செய்தான். சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் சட்டத்தை எடுத்தால்தான் ஒரு பள்ளிக்கூட பஸ் சீட்டை அங்கே வைக்க முடியும். ஆ லெக் தலையில் அடித்துக்கொண்டான். இரும்புக் கூரையில்லாத வண்டி, அந்தச் சட்டத்தை எடுத்தால் நடுவில் தொங்கிவிடும் என்று மலாயில் கத்தினான்.

"இரும்பு வச்சு ஒட்டிட்டா நிக்கும் லா" என்றான் சேது.

அடியில் இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் அடித்து ஒட்டினான். சந்திரிகாவைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தான், நின்றது. சந்திரிகாவோ காற்றடித்தால் பறக்கிற உடம்பு.

கல்யாணத்தன்று சிவப்பு வண்டி பூமாலையோடு வந்து நின்றது. தனபாலன் குனிந்து பின் சீட்டைப் பார்த்துவிட்டு வழிவிட்டான். கலாவதியும் லெட்சுமியும் பின்னால் ஏறினார்கள், சந்திரிகா முன்னால். லெட்சுமி உட்கார்ந்தபோது அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சேது திரும்பிப் பார்க்கவில்லை. செம்மண் பாதையில் ஆடி ஆடி வண்டி டவுன் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

மேளம் முழங்கியது. சேது கதவை இழுத்தான், வரவில்லை. அந்தப் பக்கம் சந்திரிகா தள்ளினாள், அதுவும் வரவில்லை. வண்டி நடுவில் தொய்ந்து இரண்டு கதவையும் கவ்விக்கொண்டது. உள்ளே ஐயர் "பொண்ண அழைச்சிட்டு வாங்க" என்று கூப்பிடுகிறார்.

"கதவத் தொறடா!" தனபாலன் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்து ஆட்டினான். "எம் பொண்ண அடைச்சி வச்சிக்கிட்டு வேடிக்கையா காட்டுற?"

சேது கூரையை மடக்கித் தள்ளினான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கதவின் மேலாகத் தாண்டி வெளியே குதித்தான். கலாவதி எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினாள். அவளைப் பட்டுப்புடவையோடு அப்படியே அள்ளித் தூக்கினான். நகையும் மாலையுமாக அந்தப் பிள்ளையை அங்கே மழைச் சேற்றில் இறக்கவா முடியும்? தூக்கியபடியே நடந்தான். கெட்டிமேளம் என்று நினைத்து மேளக்காரன் வேறு வேகமாக அடித்தான். தனபாலன் "எறக்கு, எறக்கு" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது ஒருவர் காதிலும் விழவில்லை. மணவறையில்தான் இறக்கினான்.

இங்கே லெட்சுமியை நாலு பேர் சேர்ந்து மேலே இழுத்தார்கள். அவள் கால் தரையில் பட்டதும் வண்டி நிமிர்ந்தது. சந்திரிகா சும்மா கை வைத்தாள், கதவு திறந்துகொண்டது. மகாராணி மாதிரி இறங்கி வந்தாள். திரும்பி வந்த தனபாலன் அதைப் பார்த்துவிட்டான்.

தாலி கட்டி முடிந்ததும் சேதுவைப் பந்தல் கால் ஓரத்தில் மடக்கினான்.

"தூக்கணும்னே பூட்டுனியாடா, திருட்டுப் பயலே?"

ஆ லெக் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கப் போனவனைச் சேது ஒரு பார்வையில் அடக்கினான்.

"ஆமா கிராணியாரே, பூட்டுனேன். என்ன பண்ணுவ?"

"இந்தப் பந்தல்ல உனக்கு எலை கிடையாது. போடா வெளிய."

சேதுவும் சந்திரிகாவும் சாப்பிடாமலே போனார்கள். லீலாவதி பார்த்துக்கொண்டே நின்றாள்.

உண்மையை ஆ லெக் எனக்குச் சொன்னான். நான் செகிஞ்சானுக்குப் போய்ச் சேதுவைக் கேட்டேன். "ஏன்டா, சட்டம் தொங்கிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா பகை கொஞ்சம் கொறையுமே?"

அவன் அப்போது வண்டிக்கடியில் படுத்துக் கிடந்தான். வெளியே வராமலே பேசினான்.

"திருடன்னு சொல்லிட்டுப் போறான்க்கா. ஒட்டத் தெரியாதவன்னு அவன் வாயால வரக்கூடாது. நீ சொன்னேன்னு தெரிஞ்சது, உன் வீட்டுப் பக்கமும் வரமாட்டேன்."

நான் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு வண்டி சாலையில் போனால் தனபாலன் காறித் துப்புவான். சாகும்வரை துப்பினான். சேது ஹாரனை நீளமாக அடித்துவிட்டுத்தான் அவன் வாசலைத் தாண்டுவான். ஆனால் பின் சீட்டில் அதற்கப்புறம் அவன் ஒருவரையும் ஏற்றவில்லை.