நிறுத்தக் கூடாத எஞ்சின்

அத்தான் சாவித்துளையில் திறப்பைத் திருப்பியபோது எஞ்சினுக்குள்ளிருந்து ‘டிக்’ என்று ஓர் ஒலி மட்டும் வந்தது. ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் இடத்திலிருந்து புறப்பட்டு, கரையிலுள்ள மரங்கள் ஒரே கோடாகத் தெரியும் தூரத்துக்கு வந்து, தூண்டில் போடுவதற்காக எஞ்சினை நிறுத்தியிருந்தோம். செப்டெம்பர் மாதத்துப் பின்னேரம். படகில் அத்தான், நான், என் மனைவி, ஏழு வயது மகள். அத்தான் என் அக்காவின் கணவர். ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தப் பழைய படகை அந்தக் கோடையில்தான் வாங்கியிருந்தார். ஊரில், போர்க்காலத்தில், கடல்நீரேரி வழியாக இரவில், கடற்படையின் கண்ணில் படாமல், சனங்களை ஏற்றி இறக்கியவர். நான் அதற்கு முன்பே விமானம் ஏறிக் கனடா வந்துவிட்டவன். என் மனைவியையும், அப்போது மூன்று வயதாயிருந்த மகளையும் அவர்தான் தன் படகில் அக்கரை சேர்த்தார். அந்தப் பயணத்தைப் பற்றி மனைவி, “வந்து சேர்ந்தம்தானே” என்பதற்கு மேல் எதுவும் சொன்னதில்லை.

“அங்க கயிறை இழுத்தா எழும்பும். இங்க திறப்பைத் திருப்பிப்போட்டுக் கும்பிட வேண்டிக்கிடக்கு” என்றார் அத்தான்.

“மாமா, யூ ப்ரோக் இட்!” என்று மகள் சிரித்தாள்.

“உன்ர கொப்பர் ஏறின பாரத்தில உது படுத்திட்டுது.”

என்னைத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. காற்று கரையிலிருந்து அடித்தது. மரக்கோடு மெலிந்துகொண்டே போனது.

கியர் நடுவில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். திறப்பைத் திருப்பும்போது படகின் விளக்கு மங்குகிறதா என்று என்னைக் கவனிக்கச் சொன்னார். மங்கவில்லை. “அப்ப பற்றறியில பிழையில்லை. கறண்ட் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரேல்லை.” பற்றறி முனைகளில் பச்சையாய்ப் பூத்திருந்ததைக் கத்தியால் சுரண்டி இறுக்கினார். மறுபடியும் அதே ‘டிக்’. பிறகு, ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சிறு பெட்டியைத் தேடிப் பிடித்து, அதன் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூட்ரைவரால் ஒன்றாகத் தொட்டார். பொறி பறந்தது. ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை. திரும்பத் திரும்பத் தொட்டார். ஒவ்வொரு முறையும் சுழற்சி தளர்ந்தது, இப்போது விளக்கும் மங்கியது. வெயில் போய்விட்டிருந்தது. மகள் குளிர்கிறது என்றாள். பற்றறி ஓயப்போகும் தறுவாயில் எஞ்சின் இருமிக்கொண்டு எழும்பியது.

“கரை சேருமட்டும் நிப்பாட்டக் கூடாது. நிப்பாட்டினா இனி இது எழும்பாது” என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

பாதித் தூரம் வந்திருப்போம். இடப்பக்கத்தில் ஒரு வெளிச்சம் தண்ணீரைத் துழாவிக்கொண்டு வந்தது. பொலிஸ் ரோந்துப் படகு. இனிப் பயமில்லை என்று நான் மூச்சுவிட்ட அதே கணத்தில் எங்கள் எஞ்சின் நின்றது. விளக்கும் அணைந்தது. பழுதல்ல; அத்தானின் கை நிறுத்தியது. திரும்பிப் பார்த்தேன். அவர் தலையை முழங்காலுக்குள் புதைத்திருந்தார். மனைவி படகின் அடித்தட்டில் சரிந்திருந்தாள். மகள் அவளருகே குப்புறப் படுத்து, தன் வாயைத் தன் கையாலேயே இறுகப் பொத்தியிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வெளிச்சம் எங்களைத் தொடாமல் கடந்து போனது. அத்தான் தலையை நிமிர்த்தித் தன் கையைப் பார்த்தார். பிறகு பாய்ந்து அந்த முனைகளைத் தொட்டார். ஒரு சிறு பொறி, அவ்வளவுதான். காற்று எங்களை மறுபடி உள்ளே தள்ளத் தொடங்கியது. நான் எழுந்து நின்று கத்தினேன். மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“கத்தாதேங்கோ. அவைக்குக் கேக்கப்போகுது.”

கேட்கவேண்டும் என்றுதான் கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். வெளிச்சம் திரும்பியது.

கயிறு போட்டுக் கட்டினார்கள். ஏன் விளக்கை அணைத்தீர்கள் என்று அதிகாரி அத்தானைக் கேட்டார். பதில் சொல்லுமளவுக்கு அத்தானிடம் ஆங்கிலம் இருந்தது. ஆனால் தலையை மட்டும் ஆட்டினார். வாயைப் பொத்திக் கிடந்த மகளைப் பார்த்து, வாந்தி வருகிறதாக்கும் என்று நினைத்து அந்த நல்ல மனிதர் ஒரு பையை நீட்டினார். நான் குனிந்தேன். விரல்களுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்:

“அப்பா, அவை போயிட்டினமோ?”

அவர்களுடைய படகு எங்களை இழுத்துக்கொண்டிருந்தது. “ஓம் பிள்ளை, போயிட்டினம்” என்றேன்.

அத்தான் அதன் பிறகு படகில் ஏறவில்லை. அது தார்ப்பாய் போர்த்தி அவர் வீட்டு வாசலில் கிடக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தால் பகிடி விட்டுச் சிரிக்க வைப்பார். ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துப் பகிடி விடுவதில்லை. அன்று நடந்ததைப் பற்றி அவளிடம் கேட்டால், மீன் பிடிக்கப் போனோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறாள். பொய் சொல்கிறாள் என்று தோன்றவில்லை. பள்ளியிலிருந்து மோர்னிங்சைட் வீதி வழியாகக் காரில் வரும்போது பின்னிருக்கையில் ஓயாமல் கதைப்பாள். கார் நின்று எஞ்சினின் ஒலி அடங்கும்போது அந்தக் கதையும் சட்டென்று அறுந்துபோகும். ஒரு கணம்தான்; அவளுக்கே அது தெரியாது. அந்த ஒரு கணத்தை என்னால் தாங்க முடியவில்லை. அதனால் இப்போதெல்லாம் எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே, “வீட்டை வந்திட்டம் பிள்ளை” என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.